வீட்டில் ஆள் இல்லை

'பார்சல் எடுக்க வந்தோம். வீட்டில் ஆள் இல்லை' என்று போனில் செய்தி வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன். கதவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு, மடியில் பார்சலை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அசையாமல் உட்கார்ந்திருந்தேன். செய்தியை இரண்டு முறை படித்தேன். ஒருவேளை அவர்கள் சொல்வதுதான் சரியோ என்றுகூடக் கொஞ்ச நேரம் யோசித்தேன். அந்த நாட்களில் என் இருப்பு அப்படித்தான் இருந்தது.

நான் அடிப்படையில் பேச்சுக்காரி. நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். "அவங்க வூட்டுக்கு உறமோர் வாங்கப் போனா, நம்ம பால் திரிஞ்சப்புறந்தான் திரும்பி வரணும்" என்று பக்கத்து வரிசையில் ஒரு அக்கா சொல்வார். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மிச்சமெல்லாம் லைப்ரரியிலும், மிக்சர் மடித்து வந்த காகிதத்திலும், மனிதர்கள் வாயிலிருந்தும் கற்றுக்கொண்டதுதான். காய்கறிக்காரர், கண்டக்டர், ரேஷன் வரிசையில் முன்னால் நிற்பவர் என்று யார் ஒரு பேச்சை அழகாகப் பேசினாலும் அதைப் பொத்தி எடுத்துவந்து, சாப்பாட்டோடு சேர்த்து என் வீட்டுக்காரருக்குப் பரிமாறுவேன். அவர் மைன்ஸில் பர்மனென்ட். பேச்சு குறைவு. சோற்றைப் பிசைந்துகொண்டே "அப்புறம்?" என்பார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு மணி நேரம் ஓட்டுவேன்.

ஒரு நாள் அவர் நைட் ஷிப்ட் முடிந்து வந்தார். வழக்கம்போல ஹெல்மெட்டை கேட்டில் மாட்டினார். எங்கள் வரிசையில் அது ஒரு வழக்கம். கேட்டின் வெளிப்பக்கம் ஹெல்மெட் தொங்கினால், உள்ளே ஒருவர் இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டுத் தூங்குகிறார், பெல் அடிக்காதே, சத்தம் போடாதே என்று அர்த்தம். கீரைக்காரம்மா அந்த வீட்டைத் தாண்டும்வரை கூவ மாட்டார். கிரிக்கெட் விளையாடும் பிள்ளைகள் ஸ்டம்பைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விடுவார்கள். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. குடிவந்த எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டது.

நான்கு இட்லி சாப்பிட்டார். படுத்தார். மதியம் சாப்பிட எழுப்பப் போனேன். எழவில்லை.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசினார்கள். "தூக்கத்துலயே போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்மா." யாருக்குக் கொடுத்து வைத்திருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. தலையாட்டினேன். அழுகை வரவில்லை. அதை ஒரு குறையாகப் பேசினார்கள், பிறகு அதையும் விட்டுவிட்டார்கள். சமைத்தேன், துவைத்தேன், யாராவது பேசினால் பதில் பேசினேன். வாய் தன் பாட்டுக்கு வேலை செய்தது. உள்ளே மட்டும், மரத்துப்போன காலை ஊன்றும்போது தரை எங்கே இருக்கிறதென்று தெரியாதே, அப்படி இருந்தது.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய கம்பெனி கொஞ்சம் அவகாசம் கொடுத்திருந்தது. அது முடிந்தால் போக வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி. கோயம்புத்தூரில் இருக்கும் என் தம்பி தன் வீட்டில் எனக்கு ஓர் அறையை ஒழித்துவைத்துவிட்டான். என் மகள் தினம் பஸ்ஸில் போய்வந்து சிதம்பரத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நான் போய்விட்டால் அவளுக்கு ஹாஸ்டல். அது ஒரு வழி. இன்னொரு வழியை மகள் கண்டுபிடித்தாள். எங்கள் சொந்தத்தில் பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் வாங்கி, இன்டர்நெட்டில் ஒரு கடை போட்டு விற்பது. கடை கால் ஊன்றிவிட்டால் வடலூரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து இரண்டு பேரும் சேர்ந்தே இருக்கலாம்.

"நான் ஹாஸ்டல், நீ மாமா வூடுன்னா, நம்ம வூடுன்னு ஒண்ணு எங்கம்மா இருக்கும்?" என்றாள்.

எனக்கு அப்போது எந்த வீடும் ஒன்றுதான். ஆனால் அவள் கேட்டபோது அவள் உதடு துடித்ததைப் பார்த்தேன். சரி என்றேன்.

கடையைப் போடுவது சுலபமாக இருந்தது. கூட்டாளிப் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அவளே செய்துவிட்டாள். வெள்ளைத் துணியில் முந்திரியைக் குவித்து நான்தான் போட்டோவுக்குப் பிடித்தேன், என் கை தெரியாமல். பருப்பு நம்முடையது, படம் நம்முடையது. வாங்குகிறவர் கைக்கு அது போய்ச் சேருவது மட்டும் நம் கையில் இல்லை. அதற்கு யாரை நம்புவது?

மகள் ஒரு பரீட்சை வைத்தாள். ஒரே அளவு பாக்கெட் மூன்று. எல்லாம் உடையாத முழுப் பருப்பு. ஒன்று நீலச் சட்டை போட்ட பெரிய கூரியரில், ஒன்று வடலூரில் ஆபீஸ் வைத்திருக்கும் சின்னக் கூரியரில், ஒன்று தபாலில். மூன்றும் என் தம்பி முகவரிக்கு. அவன் பிரித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மகள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். அவர் போன பிறகு நான் கேட்டைத் தாண்டியது அந்த ஒரு நாள்தான். அன்றும் தலையைக் குனிந்துகொண்டு போய், குனிந்துகொண்டே வந்தேன். நீலச் சட்டைக்காரர் ஆபீஸில் மகள் ஆசையாக வாங்கிய பெரிய அட்டைப்பெட்டியை டேப் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்தார்கள். "பருப்பு கொஞ்சந்தானே அண்ணா இருக்கு, தராசுல வைங்க" என்றாள் மகள்.

"நாங்க எடைக்குப் போடல மேடம், எடத்துக்குப் போடறோம். உள்ள காத்த அடைச்சு அனுப்பினாலும் லாரியில அது எடம் புடிக்குது பாருங்க" என்றார் அவர்.

வடலூர் ஆபீஸில் ஒரு பெண் இருந்தார். பில் போட்டுக்கொண்டே, "பார்சல் போற ஊரு எங்களுக்குத் தெரியும்க்கா. போற வழியில அது படற பாடு எங்களுக்கே தெரியாது. அதனால நீங்க கட்டறதக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுங்க" என்றார். தபால் ஆபீஸ் கவுன்ட்டரில் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து ஒருவர், "மெதுவாத்தாம்மா போகும். ஆனா நம்ம போகாத ஊரு எதுனா இருந்தா சொல்லு" என்றார்.

மற்ற நாளாக இருந்தால் இந்த மூன்று பேச்சும் எனக்கு ஒரு வாரத்துக்குக் காணும். வீட்டுக்கு வந்து சமையலறைக்குப் போய், "இன்னிக்கு ஒருத்தர் சொன்னாரு பாருங்க..." என்று வாயெடுத்தேன். ஹாலில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அரிசியைக் களைந்து உலையில் போட்டேன்.

மூன்றும் போய்ச் சேர்ந்ததும் தம்பி போன் செய்தான்.

"அக்கா, நீலச்சட்டைதான் மொதல்ல வந்தான். ஓடி வந்திருப்பான் போல, பொட்டி மூலை அமுங்கி, நீ முழுசா போட்டதுல பாதி அரைப்பருப்பா வந்திருக்கு."

"தபாலு?"

"அது கடைசி. நான் மறந்தே போயிட்டேன். ஆனா ஒண்ணு ஒடையல. தபால்காரர் புடிச்சிருந்த பதவிசைப் பாத்து, ஏதோ கொழந்தையத் தராருன்னு நானும் ரெண்டு கையால வாங்கினேன்."

"வடலூரு?"

"அது நடுவுல வந்துச்சு. நல்லா வந்துச்சுன்னுதான் நெனைக்கிறேன். என் பொண்டாட்டி பிரிச்சிட்டா. நான் ஆபீஸ் விட்டு வர்றதுக்குள்ள சாட்சி பூராவும் வவுத்துக்குள்ள போயிடுச்சு." சிரித்தான். நானும் சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கொடுத்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. குரலை இறக்கினான். "கடை கிடையெல்லாம் எதுக்குக்கா இப்ப? ரூம்ல கட்டில் போட்டாச்சு. வந்துடேன்."

"பாக்கலாம்டா."

தபாலில் கொடுக்க வேண்டுமென்றால் நாம்தான் கொண்டுபோக வேண்டும். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. மகள் காலையில் சிதம்பரம் பஸ் பிடித்தால் திரும்புவதற்குள் கவுன்ட்டர் மூடிவிடும். ஆட்டோ வைத்துக்கொண்டு போகலாமே என்றால், எனக்கு வாசல்படியைத் தாண்டவே கால் வரவில்லை. பால் பாக்கெட்டைக்கூட மகள்தான் கேட்டிலிருந்து எடுத்து வருவாள். எனவே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளும் கூரியர்தான் வேண்டும் என்று ஆனது. மகள் வடலூர்க்காரரைத் தேர்ந்தெடுத்தாள்.

முதல் ஆர்டர் ஓசூரிலிருந்து ஓர் அம்மா போட்டது. மகள் குதித்தாள். அந்தப் பார்சலைத்தான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். 'வீட்டில் ஆள் இல்லை' என்று செய்தி வந்ததும் அதற்குத்தான்.

மறுநாள் மறுபடியும் உட்கார்ந்தேன். மறுபடியும் அதே செய்தி. வடலூர் ஆபீஸுக்குப் போன் செய்தேன். "ஆளு வந்துட்டுப் போயிருக்காருக்கா. வூடு அமைதியா இருந்துச்சாம். அவரு பொய் சொல்ற ஆளு இல்லீங்க" என்றார் அந்தப் பெண். நானும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் பொய் சொல்லாத சண்டையை எப்படித் தீர்ப்பது? போனை வைத்துவிட்டேன்.

மகள் நீலச் சட்டைக்கு மாற்றினாள். அரைப்பருப்பானாலும் பரவாயில்லை, போனால் போதும் என்ற நிலை. அவர்களும் வந்தார்களாம். அவர்களுக்கும் வீட்டில் ஆள் இல்லையாம். ஓசூர் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்து வந்த ஆர்டரும் அப்படியே போனது. சாயங்காலம் காலேஜ் பையைக் கழற்றாமலே மகள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, உண்மையச் சொல்லு. தூங்கிட்டியா?"

"இல்லடி."

"டிவியச் சத்தமா வச்சிருந்தியா?"

"டிவியே போடலடி. இங்கதான் உக்காந்துகினு இருந்தேன்."

"அப்ப ரெண்டு கம்பெனிக்காரனும் கூடிப் பேசி வச்சிகினு ஒரே பொய்யச் சொல்றானா?"

விறுவிறுவென்று வெளியே போய் வாசல் பெல்லை அழுத்தினாள். நன்றாகவே அடித்தது. உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

அன்று அவள் பின்பக்கம் துணிக்கொடிக்கு அருகில் நின்று மெதுவாகப் பேசியது சமையலறை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "மாமா, அம்மாவுக்குப் பெல் சத்தமே காதுல ஏற மாட்டேங்குது. எதிர்ல நின்னு கூப்ட்டாக்கூட ரெண்டாவது தடவதான் திரும்பறாங்க. தனியா வுட்டுட்டுக் காலேஜுக்குப் போகவே பயமா இருக்குது. கடையெல்லாம் இனிமே வேணாம். நீங்க வந்து கூட்டினு போயிடுங்க."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நறுக்கி முடித்தேன். அவள் சொல்வதில் தப்பில்லை என்றுதான் பட்டது. பெல் அடித்து எனக்குக் கேட்காமல் போயிருக்கலாம். என்னென்னவோ எனக்குக் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது. தெருவே சத்தமில்லாமல் கிடந்தது அப்போது. கீரைக்காரம்மா குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்றுகூடத் தெரியவில்லை. துக்க வீடு என்று மரியாதை கொடுக்கிறார்கள் போல என நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை தம்பி வருவதாக ஏற்பாடு. மகள் என் துணிகளை ஒரு பையில் அடுக்கி ஹால் மூலையில் வைத்தாள். கடைசியாக ஓர் ஆர்டர் மட்டும் பாக்கி இருந்தது. அதை ரத்து செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. "இன்னிக்கு நீலச்சட்டை வருவான். வந்தா குடு. வரலன்னா வுட்டுடு" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்குப் போனாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். பெல் அடித்தது.

ஒரு தடவை இல்லை. விடாமல், கட்டைவிரலை எடுக்காமல் அடித்தது. எழுந்து கதவைத் திறந்தேன். நீலச் சட்டையில் ஒருவர் நின்றிருந்தார். வழக்கமாக வருபவர் லீவாம். இவர் சேலத்துக்காரர், மாற்றலாகி வந்து சில நாள்தான் ஆகிறதாம். "பார்சல் இருக்குதுங்களா?" என்று அவர் கேட்கும்போதே, எதிர் வீட்டிலிருந்து ஓர் அதட்டல் கேட்டது.

"ஏய்! ஒனக்குக் கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

எதிர் வீட்டு அண்ணன். தென்மாவட்டத்துக்காரர். என் வீட்டுக்காரரோடு ஒரே ஷிப்ட்டில் இருந்தவர். அவரைத் தூக்கிச் சென்ற நான்கு தோளில் ஒன்று இவருடையது. பனியனோடு, ஒரு கன்னத்தில் சவர நுரையோடு தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார்.

"கேட்டுல ஹெல்மெட் தொங்குறது தெரியலையா? ராத்திரி பூரா வேல பாத்துட்டு வந்து மனுசன் தூங்குறாரு, நீ பாட்டுக்குப் போட்டு அமுக்குற..."

அங்கேயே நின்றுவிட்டார்.

சேலத்துக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாருங்க தூங்கறாங்க? இந்தம்மா முழிச்சுத்தானே இருக்காங்க?" என்றார்.

அண்ணனின் கன்னத்து நுரை வழிந்து கழுத்துக்கு வந்தது. துடைக்கவில்லை. என்னைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "தங்கச்சி... பழக்கத்துல வாய் வந்துருச்சும்மா" என்றார். கேட்டைக் கண்ணால் காட்டி, "தெனமும் பாக்குறேன். எடுத்து உள்ள குடுத்துருவோம்னு கை வரைக்கும் வரும். அதுக்கு மேல வர மாட்டேங்குது. எங்க வீட்டுலயும் அதேதான். இந்த வரிசையில எல்லாருக்கும் அதேதான்" என்றார். திரும்பி நடந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டார்.

பார்சலைக் கொடுத்தேன். சேலத்துக்காரர் ரசீது கொடுத்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

நான் படியிறங்கினேன். கேட்டைத் திறந்து வெளிப்பக்கம் வந்து நின்றேன். மஞ்சள் ஹெல்மெட். அவர் மாட்டிய இடத்தில் அப்படியே இருந்தது. செம்பருத்திக் கிளை ஒன்று அதன் மேல் வளர்ந்து சாய்ந்திருந்தது. ஒரு பக்கம் வெயிலில் வெளுத்திருந்தது. உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டி, குஞ்சு பொரித்து, விட்டுவிட்டும் போயிருந்தது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் இந்த கேட் வழியாகத்தான் வந்தார்கள், போனார்கள். ஒருவரும் எடுக்கவில்லை. மகளும் தினம் இதைத் திறந்துதான் பஸ்ஸுக்குப் போனாள். அவள் கண்ணில் பட்டதா என்று நான் இன்றுவரை அவளைக் கேட்கவில்லை.

கூரியர்க்காரர்களை நினைத்தேன். வடலூர்க்காரரும், நீலச் சட்டையின் பழைய ஆளும் வந்திருக்கிறார்கள். கேட்டில் ஹெல்மெட்டைப் பார்த்திருக்கிறார்கள். வண்டியைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்குக் காது போகவில்லை. யாரும் பெல்லே அடிக்கவில்லை.

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினேன். நினைத்ததைவிட லேசாக இருந்தது. உள்ளே கொண்டுவந்து, குளவிக்கூட்டைக் கரண்டிக் காம்பால் சுரண்டி எடுத்துக் கழுவி, பீரோ மேல் கவிழ்த்து வைத்தேன். பிறகு வடலூர் ஆபீஸுக்குப் போன் செய்தேன்.

"எனக்கு உங்க கூரியரே போதும்மா. அதே ஆளையே நாளைக்கு அனுப்புங்க."

"அக்கா, அவரு மேல புகார் சொன்னது நீங்கதானே?" என்றார் அந்தப் பெண்.

"நான்தான். அதே ஆளுதான் வேணும்."

மகள் வந்ததும் சொன்னேன். கேட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு, "நீலச்சட்டைதானேம்மா வந்து எடுத்துகினு போனான்? திரும்பவும் ஏன் வடலூரு?" என்று கேட்டாள்.

"யாரோ ஒருத்தர் தூங்கறாருன்னு நெனச்சி, வந்த வேலைய வுட்டுட்டு, சத்தம் காட்டாம போனாரு பாரு. அவரு கையில குடுத்தா பருப்பு ஒடையாது" என்றேன். தம்பி வீட்டில் எந்த பாக்கெட் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அவளுக்குத்தான் கணக்கு. எனக்கு இது போதுமாக இருந்தது. மகள் சிதம்பரத்தில் இருந்த கூட்டாளிப் பெண்ணைக் கூப்பிட்டு, ரத்தான ஆர்டர்காரர்களுக்கெல்லாம் மறுபடி எழுதச் சொன்னாள். ஓசூர் அம்மா மட்டும் சரி, அனுப்புங்கள் என்றார்.

சனிக்கிழமை தம்பி வந்தான். காபி குடித்தான். ஹால் மூலையில் இருந்த என் பையைப் பார்த்து, "ரெடியாக்கா?" என்றான். மகள் என்னைப் பார்த்தாள். "ஒரு ஆளு வரணும்டா, வந்ததும் பேசுவோம்" என்றேன். தெருவில் கீரைக்காரம்மா எங்கள் வீட்டு முன்னால் நின்று, "அரக்கீர, சிறுகீர, முருங்கக்கீரேய்" என்று கூவினார். தம்பி காதைப் பொத்தினான். நாங்கள் பொத்தவில்லை.

பெல் அடித்தது. ஒரே ஒரு தடவை, தொட்டும் தொடாமலும்.

வடலூர்க்காரர் ஒல்லியான மனிதர். பேன்ட்டைக் கிளிப் போட்டுக் கணுக்காலில் இறுக்கியிருந்தார். ஓசூர் பார்சலை நீட்டினேன். வாங்குவதற்கு முன்னால் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"வூட்ல நைட் ஷிப்ட் ஆளு யாரும் தூங்கலீங்களே? ரெண்டு தடவ வந்துட்டுத் திரும்பிட்டேங்க. எங்கப்பாவும் மைன்ஸ்தான். தூக்கத்துல எழுப்பிட்டா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும். எங்க மெஷின்ல, ஆளு தூங்கறாருன்னு போட எடமில்லீங்க. அதான் ஆளு இல்லன்னு போட்டேன். மனசுல வச்சுக்காதீங்கம்மா."

"இல்லப்பா. யாரும் தூங்கல. இனிமே அழுத்தியே அடி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வெறும் நெற்றியைப் பார்த்தார். பார்சலை இரண்டு கையாலும் வாங்கி, பையில் மற்றவற்றுக்கு மேலாக வைத்து, வண்டியை கேட் தாண்டும்வரை உருட்டிக்கொண்டே போய்ப் பிறகுதான் ஸ்டார்ட் செய்தார்.

தம்பி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் உள்ளே போய்த் தன் பையை எடுத்தான். என் பையை எடுக்கவில்லை.